கையில் கடதாசி இல்லாவிட்டாலும் உரிமை உண்டு

1954 ஜனவரி 18ஆம் திகதி புதுடில்லியில் ஜவஹர்லால் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் பதிந்து ஒரு பதிவேடு தயாரிப்பது என்று அதில் முடிவாயிற்று. அதற்கு அடுத்து வந்த வாசகம்தான் முக்கியம். பதிவேடு முடிந்த பிறகு, அதில் பெயர் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழிகளில் ஒன்றாக இருந்தால், அவர் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர் என்றே கொள்ளப்படுவார். நாடு கடத்தப்படவும் ஆளாவார்.

எப்போது வந்தார், எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எத்தனை வருடம் கொழுந்து பறித்தார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து தமிழில் பேசினாலே சந்தேகத்துக்குப் போதும். இரண்டு அரசுகள் சேர்ந்து எழுதிக்கொண்ட அந்த அனுமானத்தின் நிழலில்தான் ஊவா மாகாணத்துத் தோட்டத் தமிழர்கள் அரை நூற்றாண்டு வாழ்ந்தார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற வசைச் சொல்லைக் கேட்டுக்கொண்டே ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போனது.

குடிவரவு அதிகாரி கதவைத் தட்டினால் என்ன செய்வது, எதைச் சொல்வது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்கள் இதை வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். இது வெளிநாட்டுச் சங்கதி என்று வெலிமடையில் இருக்கும் நாம் ஒதுக்கிவிட முடியாது. ‘நீ யார், உன் கடதாசி எங்கே’ என்ற கேள்விக்கு, இந்தத் தீவில் நம்மளவு நெடுநாள் பதில் சொன்ன சமூகம் வேறில்லை.

பாட்டனும் பூட்டனும்

வெலிமடை ஒரு மரக்கறி ஊர். கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் புறப்படும் ஊர். ஒரு பாதை நுவரெலியாவுக்கு, ஒன்று பண்டாரவளைக்கு, ஒன்று பதுளைக்கு. தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களில் பலர் மரக்கறி வாங்க வருவதில்லை. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பிரதேச செயலகத்துக்கோ பதிவாளரிடமோ வருகிறார்கள். மடித்து வைத்த பொலித்தீன் உறைக்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய அடையாள அட்டையின் போட்டோ பிரதி, தோட்டத்து அலுவலகம் கொடுத்த கடிதம், சிலரிடம் தகப்பனுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். ஒரே பெண்ணின் பெயர் பிறப்பு அத்தாட்சியில் சிங்களத்தில் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் தமிழில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. எழுதியவர் யாரோ, அலைகிறவள் அவள்.

இந்த அலைச்சலுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும்; இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். தோட்டங்களில் பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத காலத்தில் பிறந்த பாட்டனுக்கும் பூட்டனுக்கும் எங்கே போய்ச் சான்றிதழ் எடுப்பது? கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் அப்படியொரு கடதாசி இருந்திருக்காது. ஆனால் அவரிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொது. கேள்வி ஒரு சமூகத்துக்கு மட்டும். உரிமை பறிபோகும் வழிகளிலேயே மிகவும் கண்ணுக்குத் தெரியாத வழி இதுதான் என்பேன்.

அதே ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டமாகக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டமும் வந்தது. யார் பிரஜை என்று ஒரு சட்டம் வரையறுத்தது. பிரஜை அல்லாதவரை எப்படி வெளியேற்றுவது என்று அடுத்தது சொன்னது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர்கள் ஏழு வருடமும், மணமாகாதவர்கள் பத்து வருடமும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருந்தால் பதிவுப் பிரஜையாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க இரண்டு வருடத் தவணை. அது 1951 ஆகஸ்டில் முடிந்தது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேல்.

ஏன் அத்தனை பேர் தள்ளப்பட்டார்கள்? ‘இடைவிடாமல்’ என்பதில்தான் வலை விரிக்கப்பட்டிருந்தது. ஊரிலே தாய் சாகக் கிடக்கிறாள் என்று போனவர், திருவிழாவுக்குப் போனவர், காய்ச்சலில் படுத்துத் திரும்ப முடியாமல் போனவர் என எவரானாலும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் வதிவு அறுந்துபோகும். கணவன் ஒரு நாள்கூடத் தோட்டத்தை விட்டு நகராமல் இருந்திருக்கலாம். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் இங்கே வசித்ததை அவர் நிரூபிக்க வேண்டும். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய மனைவியால் குடும்பமே நாடற்றதாகலாம். வதிவுக்கு முதல் சாட்சி தோட்டத்துச் செக்ரோல். அது தொழிலாளியின் கையில் இருப்பதில்லை. துரையின் அலுவலகத்து அலுமாரியில் இருந்தது. தோட்டம் கைமாறினாலோ, பழைய புத்தகங்களைக் கறையான் தின்றாலோ, அந்த மனிதர் அங்கே உழைத்ததற்கான சாட்சியும் போனது.

நிராகரிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய அந்தச் சட்டமே இடம் வைத்திருந்தது. செய்தவர்கள் இருந்தார்கள், வென்றவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் வந்த ஒரு கடிதத்தை லயத்துக் காம்பராவில் யார் வாசித்துச் சொல்வது? மேன்முறையீட்டுத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யார் சொல்வது? தெரியாத உரிமையும் இல்லாத உரிமையும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றாகவே முடிந்தன.

வழக்கு மன்றத்தில் தோற்ற கதை

1947இல் வாக்களித்த தோட்டத் தமிழர்கள் 1952இல் வாக்களிக்க முடியவில்லை. நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளையும் இருந்த நாடாளுமன்றத்துக்கு, அந்தத் தேர்தலில் தோட்டங்களிலிருந்து எவரும் தெரிவாகிப் போகவில்லை. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. வழக்கும் நடந்தது.

வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேகாலைப் பக்கத்திலிருந்து கொடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. மீளாய்வு அதிகாரியாக இருந்த நீதிபதி என். சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமை விதிக்கும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்பதே வாதத்தின் அடித்தளம். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் கைவிரித்தது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பது அவர்கள் கண்ட நியாயம். சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தார்கள். அது யார் மேல் விழுந்தது என்று பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பு பிழை என்றே நான் எண்ணுகிறேன்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்ற 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு இங்கே தங்கத் தவணை குறிக்கப்பட்டது. தவணை முடிந்தால் அவர் வெளிநாட்டவர். வெளியேற்றக் கட்டளைக்கு ஆளாகிறவர். பிறந்த லயத்திலேயே படுத்திருந்தாலும் அதுதான் நிலை.

பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். 1984இல் கப்பல் நின்றது. பாஸ்போர்ட் எடுத்தும் போக முடியாத பல்லாயிரம் பேர் இங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டோடு இன்னொரு நாட்டின் தோட்டத்தில், எந்த நாட்டிலும் வாக்கில்லாமல்.

கைதைப் பற்றிச் சட்டம் சொல்வது

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இன்றும் நம்மை ஆளும் சட்டம். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. அவற்றில் சில பிரஜைகளுக்கு மட்டும். சில எல்லா ஆட்களுக்கும். பேச்சுச் சுதந்திரம், சங்கம் சேரும் சுதந்திரம், விரும்பிய இடத்துக்குப் போய் வரும் சுதந்திரம் அடங்கிய 14ஆம் உறுப்புரை பிரஜைகளுடையது. சித்திரவதையைத் தடுக்கும் 11, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1), கைதையும் காவலையும் பற்றிய 13 ஆகியவை எந்த ஆளுக்கும் உரியவை. பாஸ்போர்ட் உள்ளவர், இல்லாதவர், வீசா முடிந்தவர், நாடற்றவர் எல்லோரும் அதற்குள் அடக்கம்.

இந்த வேறுபாட்டை நம் மக்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிரஜாவுரிமை கிடைத்த பிறகுதான் உரிமை ஆரம்பிக்கும் என்று நம்ப வைத்தே நம்மை அரை நூற்றாண்டு வாயடைக்க வைத்தார்கள். கைது நடக்கும் நேரத்தில் உதவும் உரிமைகள் பிரஜாவுரிமையைக் கேட்பதில்லை. காரணத்தைச் சொல் என்று கேட்கலாம். சாதாரணக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, பிடியாணையின்றிப் பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதவான் முன் கொண்டுபோகாமல் வைத்திருக்க முடியாது. சான்றுச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த இரண்டையும் தளர்த்திவிடுகிறது. எனவே எந்தச் சட்டத்தின் கீழ் பிடிக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது; வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும், தமிழில் விளக்கச் சொல்ல வேண்டும். வழக்கு நடக்கும் மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு உண்டு என்று 24ஆம் உறுப்புரை சொல்கிறது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானியில் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் அலுவல் பார்ப்பதை எவரும் சலுகையாகக் கருத வேண்டியதில்லை.

ஒருவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, அல்லது சட்டத்துக்கு மாறாக வைத்திருக்கிறார்கள் என்றால் ஆட்கொணர்வு மனு. அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர் தொடர்பில் அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பே 13ஆம் திருத்தத்தோடு தந்திருக்கிறது. பதுளைக்குப் போனாலே போதும்.

அடிப்படை உரிமை மீறல் மனு மட்டும் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குத்தான். அதற்கு 126ஆம் உறுப்புரை கொடுக்கும் தவணை ஒரு மாதம். தோட்டத்திலிருக்கும் ஒருவருக்குச் சட்டத்தரணியைத் தேடி, பணம் புரட்டி, கொழும்புக்குப் போவதற்குள் அந்த மாதம் கரைந்துவிடும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணைக்குள் கணக்கிடப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவுக்குப் பதுளையில் பிராந்திய அலுவலகம் உண்டு. 1996 என்ற அவசரத் தொலைபேசி இலக்கமும் உண்டு.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்கிறவர்களுக்கு 2007 ஜூனை நினைவூட்டுவேன். அந்த மாதம் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான இடங்களின் லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். சொந்த நாட்டின் தலைநகரிலிருந்து, பிரஜைகளை. மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் உடனே உயர் நீதிமன்றம் போனது. மறுநாளே வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்காலக் கட்டளை வந்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். யுத்தம் உச்சத்தில் இருந்த நேரத்தில், பயந்துபோய் மனுப் போடாமல் இருந்திருந்தால், அந்தப் பஸ்கள் அடுத்த நாளும் ஓடியிருக்கும்.

இத்தனை உரிமைகளையும் வரிசையாகச் சொல்லும் அதே 13ஆம் உறுப்புரை தன் ஏழாவது பந்தியில் ஒரு கதவைச் சாத்துகிறது. குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின் கீழோ, 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இந்திய–இலங்கை ஒப்பந்த நடைமுறைப்படுத்தல் சட்டத்தின் கீழோ வெளியேற்றக் கட்டளை அல்லது நாடுகடத்தற் கட்டளை பிறப்பித்து ஒருவரைப் பிடித்து வைத்தால், அது இந்த உறுப்புரையை மீறியதாகாது என்கிறது. சட்டத்தின் பெயரைச் சொல்லியே நம்மைச் சுட்டியிருக்கிறார்கள். நாட்டின் அதியுயர் சட்டத்தில் மலையகத் தமிழரின் கதை நேரடியாக வரும் இடங்களில் ஒன்று, நம்மைப் பிடித்து வைக்கலாம் என்று சொல்லும் இடம். இன்னொன்று 14இன் இரண்டாம் பந்தி: வேறு எந்த நாட்டின் பிரஜையும் அல்லாமல் இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்தவர்களுக்குப் பேச்சு முதலான சுதந்திரங்களைப் பத்து வருடத்துக்கு மட்டும் தந்தது. பத்து வருடம் 1988 செப்டெம்பரில் முடிந்துபோனது.

ஏழாவது பந்தியிலும் ஓர் எல்லை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளை ஒன்று இருந்தால்தான் அந்த விலக்கு. சந்தேகத்தில் பிடிப்பதற்கோ, அடையாள அட்டை இல்லை என்று பொலிஸில் இருத்துவதற்கோ அது உதவாது. 11உம் 12(1)உம் அதனால் அடிபடுவதுமில்லை.

போராடி வாங்கியது

1986 தைப்பொங்கலோடு தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குப் போகாமல் கோயிலில் கூடிப் பிரார்த்தித்தார்கள். பிறகுதான் மலைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் என்று எவரும் சொல்ல முடியாத வேலைநிறுத்தம் அது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் என்று பிரஜாவுரிமை படிப்படியாக வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள் என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு நின்றுபோனவர்களுக்கும் அதில் வழி வைத்தார்கள். தோட்டங்களில் நடமாடும் முகாம்கள் வைத்து, ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் துணையோடு, பத்து நாட்களில் 190,000 பேருக்குப் பத்திரம் வழங்கினார்கள். 1948இல் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்ட அதே நாடு, மனம் வைத்தபோது பத்து நாளில் முடித்தது. எத்தனை வருட அலைச்சலைத் தவிர்த்திருக்கலாம் என்று யோசிக்கும்போது கோபம்தான் வருகிறது.

சட்டம் தீர்ந்தாலும் கவுண்டரில் தீரவில்லை. தோட்டத்து விலாசத்தைக் கண்டதும் ‘தகப்பனின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே’ என்று இன்னும் கேட்கிறார்கள் என்ற குறையை மலையகத்தில் எங்கும் கேட்கலாம். அப்படிக் கேட்கும் உத்தியோகத்தரிடம் 26ஆம் உறுப்புரையைச் சொல்லலாம்: இலங்கைப் பிரஜை என்ற அந்தஸ்து ஒன்றே, வம்சாவளியால் வந்ததா, பதிவால் வந்ததா என்று பார்த்து எந்த வேறுபாடும் காட்டக் கூடாது. 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோதும், 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோதும் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்கள் போயின. பத்திரம் போனால் பிரதி எடுக்கலாம். பிரஜாவுரிமை அதோடு போவதில்லை.

கடலுக்கு அப்பால்

1977 முதல் 1983 வரையிலான கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கு ஓடி, அங்கிருந்து இராமேஸ்வரம் போனவர்களில் மலையகத்தவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் அவர்களுக்கு விழுந்த பெயர் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. எந்த நாட்டின் மொழியைப் பேசுகிறார்கள் என்று இங்கே நாடு கடத்தப் பார்த்தார்களோ, அந்த நாட்டிலும் அதே பட்டம். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினரின் மனுவை ஏற்று, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை அப்படி முத்திரை குத்தி ஒதுக்காமல் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னார். இலங்கையும் 2009இல் தன் சட்டத்தைத் திருத்தி, இந்திய முகாம்களில் இருப்பவர்கள் திரும்பி வந்து பிரஜையாக வழிவிட்டது.

இன்று வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போகிறவர்கள் கப்பலில் போவதில்லை. வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வைக்கிறார். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடினால், ஓடிப்போனவள் என்று முறைப்பாடு. அன்றிலிருந்து அவள் சட்டவிரோதமாகத் தங்கியவள். பிடிபடும் நேரத்தில் அவளுக்கு ஓர் உரிமை உண்டு. 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னாச் சமவாயத்தின் 36ஆம் உறுப்புரைப்படி, தன்னைப் பிடித்திருப்பதைத் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் அறிவிக்க வேண்டும். கேட்கத் தெரியாவிட்டால்? அதைப் புறப்படுமுன் இங்கேயே சொல்லிக்கொடுக்க வேண்டியது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கடமை, தொழிற்சங்கங்களின் கடமை, வீட்டிலிருக்கும் படித்த பிள்ளையின் கடமை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிட்டுப் போக வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கம் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த நாடுகளில் நிலைமை வேறு என்று எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவின் பிலோயேலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்தார்கள். 2019 ஆகஸ்டில் இரவு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது ஒரு நீதிபதி தடையுத்தரவு கொடுத்தார், டார்வினில் இறக்கினார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு, 2022 ஜூனில், அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. ஊர்க்காரர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். சட்டத்தரணிகள் நள்ளிரவிலும் விழித்திருந்தார்கள். அமெரிக்காவில் எதிர்மாறாக முடிந்தது. எல்லையைக் கடந்ததும் பிடிபட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், 2020 ஜூன் 25ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், துரித வெளியேற்றத்தை எதிர்த்து ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்தை நாட அவருக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டது. சொற்பத் தூரம் உள்ளே வந்து பிடிபட்டவர், வெளியே நிற்பவருக்குச் சமம் என்ற தர்க்கம். உள்ளே நெடுநாள் வாழ்கிறவர்களின் நிலை வேறு. வீட்டுக் கதவைத் தட்டுகிற அதிகாரியிடம் நீதிபதி கையெழுத்திட்ட பிடியாணை இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் உள்ளே விட இணங்கத் தேவையில்லை, பேசாமலிருக்க உரிமை உண்டு என்பவையே அங்குள்ள சட்டத்தரணிகள் சொல்லும் முதல் பாடங்கள்.

நம் தோட்டங்களில் இப்போது சட்டம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் நீதிமன்றங்களில் நிற்கிறார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு தோட்டத்துக்குப் போய், கைதானால் என்ன கேட்பது, ஒரு மாதத் தவணை எப்போது தொடங்குகிறது, பிறப்பு அத்தாட்சியில் பெயர்ப் பிழையை எப்படித் திருத்துவது என்று சொல்லிக்கொடுங்கள். அரசியலமைப்புத் திருத்தம் அடுத்து நாடாளுமன்றத்துக்கு வரும்போது, பதுளை மாவட்டத்தில் நம் வாக்கை வாங்கிப் போனவர்கள், 13ஆம் உறுப்புரையிலிருந்து 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரை நீக்கும்படி எழுந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நாம் அவர்களிடம் கேட்க வேண்டும்.